பனிக்கட்டிச் சாலையில் மின்சாரக் கார்



'வண்டி கிளம்புமா?' என்பது உங்களில் பலருக்குச் சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் அது அப்படியன்று. இன்றைக்கு எழுபது வயதைக் கடந்துவிட்ட எனக்கு, இரவு நேரத்தில் யாராவது ஒரு வண்டியை முடுக்கும் சத்தம் கேட்டால், அது பற்றிக்கொள்ளும் வரையில் மூச்சு நின்று நின்று வரும். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் எழுத வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுங்கைப் பட்டாணியில் கார், லாரி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்தியவன் நான். எண்ணெயும் கரியும் என் நகக்கண்ணை விட்டு இன்னும் முழுமையாகப் போகவில்லை. அப்படிப்பட்ட என்னிடம் இப்போது அக்கம்பக்கத்தார் அடிக்கடி கேட்கிறார்கள்: 'அண்ணே, இந்த மின்சாரக் காரை நம்பலாமா? வெயிலிலும் மழையிலும் தாங்குமா?' அவர்களுக்கு நான் சொல்லும் பதில் நம் ஊர் வெயிலில் கற்றதன்று. எலும்பு உறையும் குளிரில், பனிக்கட்டி மூடிய சாலையில், என் சொந்த மகளின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கற்றது.

என் மகள் நார்வே நாட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துத் தமிழர் குடும்பத்துப் பிள்ளை. அந்த நாட்டுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு நம்மில் பலர் அறியாதது. 1956ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோனி இராஜேந்திரம் என்பவர் அங்கே சென்று சேர்ந்தார். அவருக்குப் பின் மாணவர்களாகவும், 1980களில் போருக்குத் தப்பியும், ஆயிரக்கணக்கானோர் போய்ச் சேர்ந்தார்கள். வடகோடியில் உள்ள மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்களில் பலர். என் சம்பந்தியும் அவர்களில் ஒருவர். நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்து காட்டை வெட்டிப் பால்மரம் நட்டார்கள். அவர்கள் பனியில் நின்று மீன் வெட்டினார்கள். கஷ்டத்தின் நிறம்தான் வேறு.

2023 டிசம்பரில் மகளின் முதல் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் ஓஸ்லோ நகரத்துக்குப் போனோம். குனோங் ஜெராய் மலையுச்சியில் அடிக்கிற காற்றையே குளிர் என்று எண்ணிக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிற எங்களுக்கு, விமான நிலையத்து வாசலில் முகத்தில் அறைந்த அந்தக் குளிரை என்ன பெயரிட்டு அழைப்பதென்றே தெரியவில்லை. மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து ஊசி போலக் குத்தியது.

மாப்பிள்ளை அழைத்துப் போக வந்த கார் மின்சாரக் கார். வீடு போய்ச் சேர்ந்ததும், தொழில் புத்தி சும்மா இருக்குமா? முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இயந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிப் பெட்டி! அதில் இரண்டு துடைக்கும் துணியும் ஒரு கண்ணாடி சுரண்டியும் கிடந்தன. நாற்பது ஆண்டு கற்ற வித்தை அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அர்த்தமில்லாமல் போனது போல இருந்தது.

"மாப்பிள்ளை, இத்தனைக் குளிரில் பேட்டரியை நம்பியா வண்டி வைத்திருக்கிறீர்கள்? பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடாயிற்றே!" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ மாமா. இங்க எல்லாரும் இதைத்தான் ஓடினம்" என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. 2024ஆம் ஆண்டில் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 கார்கள் முழு மின்சாரக் கார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அந்நாட்டுச் சாலைகளில் உள்ள மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அரசாங்கம் 1990ஆம் ஆண்டு முதலே இவற்றுக்கு வரிச் சலுகை கொடுத்து வளர்த்திருக்கிறது. மின்சாரமும் அங்கே பெரும்பாலும் மலையருவி நீரிலிருந்து கிடைப்பது. உலகத்திலேயே மின்சாரக் கார் மிக அதிகமாகப் பரவிய நாடு, உலகத்திலேயே மிகக் குளிர்ந்த நாடுகளில் ஒன்றாக இருப்பது விந்தைதான்.

ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. பட்டறைக்காரனுக்குக் காரணம் தெரிய வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்டும், அங்கிருந்த நாட்களில் படித்தும், பார்த்தும் நான் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

குளிர் செய்யும் வேலை

குளிர்பதனப் பெட்டியில் தேங்காய் எண்ணெயை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கெட்டியாகும், பிறகு போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. மின்சாரக் காரின் மின்கலத்துக்குள்ளும் ஒரு திரவம் உண்டு. லித்தியம் என்னும் உலோகத்தின் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் அந்தத் திரவத்தின் வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீந்திப் போவதால்தான் மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் அந்தத் திரவம் எண்ணெயைப் போலக் கட்டியாகி விடுவதில்லை; ஆனால் நீச்சல் கடினமாகிறது. பெரட்டுக்குப் போகிற ஆள் சேற்றில் நடப்பது போலத்தான். ஆள் அதே ஆள், வேகம்தான் இல்லை. வண்டி சூடானால் போன பலம் திரும்பி வரும்.

இது ஒரு பகுதிதான். பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் நாம் ஊற்றுகிற எண்ணெயில் பெரும்பகுதி சக்கரத்தைச் சுற்றப் பயன்படுவதில்லை. சூடாக வெளியே போய்விடுகிறது. இயந்திரத்தின் மேல் கை வைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரியும். குளிர்நாட்டில் அந்த வீண் சூட்டையே வண்டிக்குள் திருப்பிவிட்டு மனிதர்கள் குளிர் காய்கிறார்கள். மின்சாரக் காரோ சிக்கனக்காரன். அது வீணாக்குவது மிகக் குறைவு. ஆகவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூடு வேண்டுமென்றால், ஓடுவதற்கு வைத்திருக்கும் மின்சாரத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019ஆம் ஆண்டில் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்து வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ் குளிரில், சூடேற்றியைப் போடாமல் ஓட்டினால் ஓடும் தூரம் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. சூடேற்றியைப் போட்டபோது 41 விழுக்காடு குறைந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். குளிர் தின்றதை விட, குளிரைப் போக்க நாம் செலவழிப்பதே அதிகம். நார்வே மோட்டார் சங்கம் 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சாலையிலேயே இருபது கார்களை ஓட்டிப் பார்த்தது. அங்கே சராசரி இழப்பு 18.5 விழுக்காடுதான். வண்டிக்கு வண்டி, குளிருக்குக் குளிர், ஓட்டும் விதத்துக்கு ஏற்ப இந்தக் கணக்கு மாறும்.

இதற்கு ஒரு மாற்று வழியும் கண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஏர்கோனின் வெளிப்பெட்டிக்கு அருகில் கையை நீட்டிப் பாருங்கள். சூடான காற்று வீசும். அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிற இயந்திரம் அது. அதையே திருப்பிப் போட்டால், வெளியே இருக்கிற காற்றிலிருந்து சூட்டை அள்ளி உள்ளே கொட்டும். குளிர்ந்த காற்றில் சூடு ஏது என்று கேட்கலாம். நமக்குத்தான் அது குளிர். இயந்திரத்துக்கு அதிலும் எடுக்கக் கொஞ்சம் இருக்கிறது. புதிய மின்சாரக் கார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. கம்பியைச் சுட வைத்துச் சூடு உண்டாக்குவதை விட இதில் மின்சாரச் செலவு குறைவு. ஆனால் குளிர் மிகக் கடுமையானால் இதன் பலனும் குறைந்துவிடும். ஆகையால் அங்குள்ளவர்கள் காற்றைச் சூடாக்குவதைக் குறைத்து, இருக்கையையும் ஓட்டுச் சக்கரத்தையும் மட்டும் சூடாக்கிக்கொள்கிறார்கள். வீட்டையே சூடாக்காமல் போர்வைக்குள் புகுந்துகொள்வது போன்ற தந்திரம் அது.

மின்னேற்றம் செய்வதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உறைந்த மின்கலத்துக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் உள்ளே போய் அமர வேண்டிய இடத்தில் அமராமல் மேலேயே உலோகப் படலமாகப் படிந்துவிடும். மின்கலம் கெட்டுப்போகும். அதனால் காரில் உள்ள கணினியே, 'மெதுவாக, மெதுவாக' என்று கையைப் பிடித்துக்கொள்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மின்னேற்று நிலையங்களில் கார்கள் வரிசையாக நின்றுவிட்ட செய்தியை நீங்களும் படித்திருக்கலாம். உறைந்த மின்கலத்தோடு வந்து நின்றால் நேரமாகும். ஒருவருக்கு நேரமானால் பின்னால் நிற்பவருக்கும் நேரமாகும். நிலையத்துக்குப் போகிற வழியிலேயே மின்கலத்தைச் சூடாக்கிக்கொண்டு போவதுதான் இதற்கு மருந்து.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'அப்படியானால் பெட்ரோல் வண்டியே மேல்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குளிரில் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் மட்டும் சுகமா என்ன? எண்ணெய் கெட்டியாகி இயந்திரம் சுற்ற மறுக்கும். டீசலில் மெழுகு திரளும். முடுக்கும் பேட்டரி பலமிழக்கும். அதே 2024 ஜனவரியின் முதல் நாட்களில் வண்டி கிளம்பாமல் நார்வேயின் வைக்கிங் என்ற சாலை உதவி நிறுவனத்தை அழைத்தவர்களில், மின்சாரக் கார்க்காரர்கள் 13 விழுக்காடுதான் என்று அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்நாட்டுக் கார்களில் அப்போது ஏறத்தாழ நான்கில் ஒன்று மின்சாரக் கார். அவற்றில் பல புத்தம் புதியவை என்பதையும் நேர்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டாலும், 'குளிரில் மின்சாரக் கார் கிளம்பாது' என்ற பேச்சு நிற்காது.

பால்மரமும் பனிச்சாலையும்

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனிக்கட்டியில் காரின் உயிர் சக்கரத்தில்தான் இருக்கிறது. மின்சாரமா பெட்ரோலா என்பது பிறகுதான். குளிர்காலம் வந்ததும் நார்வேக்காரர்கள் நான்கு டயர்களையும் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர்களை மாட்டுகிறார்கள். சிலர் இரும்பு ஆணி பதித்த டயர்களைப் போடுகிறார்கள். சாதாரண டயர் குளிரில் கல்லாக இறுகிவிடும். இறுகாமல் மிருதுவாக இருப்பதற்காகக் குளிர்கால டயரில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. இதை மாப்பிள்ளை சொன்னபோது நான் அந்த டயரைத் தடவிப் பார்த்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரம் வெட்டிய நம் தாய்மார்களின் உழைப்புக்கும் அந்தப் பனிச்சாலைக்கும் ஓர் உறவு இருக்கிறது. வெட்டியவர்களில் யாரும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

மின்சாரக் கார் கனமானது. அடியில் மின்கலம் இருப்பதால் தரையோடு ஒட்டி நிற்கும். ஆனால் கனமான வண்டி வழுக்கத் தொடங்கினால் நிறுத்துவது எளிதல்ல. மிதியிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, அந்த ஓட்டத்தைத் திரும்ப மின்சாரமாகச் சேமிக்கிற வசதி அதில் இருக்கிறது. நம் ஊரில் அது லாபம். பனிக்கட்டியிலோ சட்டென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். மின்கலம் உறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு முதல் சில மைல்களுக்குச் சரியாகக் கிடைக்காது. 'வழமையாப் பிடிக்கும் எண்டு நம்பிப் போகக் கூடாது மாமா' என்று மாப்பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் பட்டறைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் போய், சொல்லிக்கேட்கும் காலம் வந்துவிட்டது.

அந்த இரவு

2024 ஜனவரி முதல் வாரத்தில் நார்வேயைக் கடுங்குளிர் பிடித்தது. வடக்கே சில ஊர்களில் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகையையும் தாண்டியது. நாங்கள் இருந்த ஓஸ்லோ வட்டாரத்திலேயே இருபதுக்கும் கீழே போயிற்று. மருத்துவர் கொடுத்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் அந்த வாரத்தின் ஓர் இரவில், மணி இரண்டு இருக்கும், என் மனைவி வந்து என்னை எழுப்பினாள். "பிள்ளைக்கு வலி கண்டுவிட்டது."

வாசகர்களே, இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

1962ஆம் ஆண்டு நவம்பர் மாதம். எனக்கு எட்டு வயது. சுங்கைப் பட்டாணிக்குச் சில மைல் தொலைவில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். என் அப்பா தோட்டத்து லாரி டிரைவர். மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் அம்மாவுக்கு வலி கண்டது. லயத்து மருத்துவச்சிப் பாட்டி பார்த்துவிட்டு, 'என் கையை மீறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்' என்று சொல்லிவிட்டார். அப்பா ஓடினார். லாரி கிளம்பவில்லை. மழை ஈரம் இயந்திரத்துக்குள் இறங்கியிருந்தது. பேட்டரியும் பலமிழந்து கிடந்தது. அப்பா முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். சுற்றிச் சுற்றிக் கை தோல் உரிந்தது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். லயத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து லாரி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காப்பாற்றிவிட்டார்கள். தங்கச்சியைக் காப்பாற்ற முடியவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அப்பாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டியவர், தன் மனைவிக்கு ஓட்ட முடியாமல் போயிற்று.

அன்றிலிருந்து அவர் லாரியைச் சமதரையில் நிறுத்தியதே இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் உள்ள மேட்டில், இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார். பிரேக்கை விட்டால் தானே உருண்டு கிளம்ப வேண்டும். இரவானால் பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, லயத்துச் சமையலறையில் அடுப்புக்கு எதிர் மூலையில் ஒரு பலகை மேல் வைப்பார். ஈரம் படக்கூடாது. அம்மா ஒரு நாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை. அந்தப் பலகையைக் கூட்டித் துடைத்து வைத்திருப்பார். நான் வண்டி வேலை கற்கப் போனதற்கும் இதுவே காரணம். பதினாறு வயதில் பட்டணத்துத் தவுக்கே ஒருவரின் பட்டறையில் சேர்ந்தபோது அப்பா எனக்குச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "கிளம்புற நேரத்துல வண்டியைப் பார்க்காதே. முந்தின ராத்திரியே பார்த்துடு."

நிற்க. ஓஸ்லோவில் அந்த இரவுக்கு வருகிறேன்.

நான் மேலங்கியைக் கூடச் சரியாகப் போடாமல் வெளியே ஓடினேன். கார் முழுதும் வெள்ளையாக உறைந்திருந்தது. கதவுப் பிடி பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. என் கால்கள் நடுங்கின. குளிரால்தான் என்று சொன்னால் அது பொய். மாப்பிள்ளை பின்னால் வந்து, கதவோரத்தைக் கைமுட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். கட்டி உதிர்ந்தது, கதவு திறந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது!

வலி கண்டது தெரிந்த உடனேயே அவர் கைத்தொலைபேசியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார். சுவரில் உள்ள மின்னிணைப்பிலிருந்தே கார் சூடாகத் தொடங்கிவிட்டது. வீட்டு மின்சாரம் சூடேற்றியது. மின்கலத்தில் சேமித்தது ஓட்டத்துக்கென்று அப்படியே இருந்தது.

மகளையும் மனைவியையும் பின்னால் ஏற்றினோம். நான் முன்னால் உட்கார்ந்து, இயந்திரத்தின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. நெஞ்சு அடைத்தது. "மாப்பிள்ளை, கிளம்பவில்லையா?" என்றேன்.

"வெளிக்கிட்டாச்சு மாமா. ரோட்டைப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். வீடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

பாதி வழியில் வேறொரு சோதனை. மேட்டுச் சாலையில் ஒரு பெரிய லாரி வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மருத்துவமனையை அழைத்துப் பேசினார். அவர்கள் வழி சொல்லித் தைரியம் கொடுத்தார்கள். எனக்கோ ஒரே யோசனை: இங்கேயே மாட்டிக்கொண்டால் மின்சாரம் தீர்ந்து உறைந்துபோவோமா? மாப்பிள்ளையிடம் கேட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். மின்கலத்தில் அப்போது ஏறத்தாழ 45 கிலோவாட் மணி மின்சாரம் இருந்தது. நின்ற இடத்தில் காரைச் சூடாக வைத்திருக்க மணிக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று செலவாகும். மூன்று என்றே வைத்தாலும் பதினைந்து மணி நேரம் தாங்கும். புகையும் கிடையாது, பனி மூடி நிற்கிற பெட்ரோல் வண்டியில் நச்சுப்புகை உள்ளே வருகிற ஆபத்தும் கிடையாது. அந்தக் கணக்கு என் நடுக்கத்தை நிறுத்தியது. நாற்பது நிமிடத்தில் லாரியை இழுத்துவிட்டார்கள்.

விடிவதற்கு முன் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம்.

வீட்டிலிருந்து மருத்துவமனை 18 கிலோமீட்டர். காரின் கணக்கில் அன்று குறைந்ததோ 40 கிலோமீட்டருக்கும் மேல். குளிர் தன் பங்கை எடுத்துக்கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்து முன்கூட்டியே வைத்திருந்தார் மாப்பிள்ளை.

மறுநாள் மாலை அவரிடம் கேட்டேன்: "நாள் இன்னும் இருக்கிறதே என்று ஓர் இரவு மின்னிணைப்பைச் செருகாமல் விட்டிருந்தால்?" அவர் சொன்னார்: "கடைசி மாதம் தொடங்கின நாளில இருந்து ஒரு இரவும் விடேல்லை மாமா. படுக்கிறதுக்கு முதல் செருகிப்போட்டுத்தான் படுப்பன்."

அப்போதுதான் அவருக்கு என் அப்பாவைப் பற்றியும், அந்த லாரியைப் பற்றியும், அடுப்படிப் பேட்டரியைப் பற்றியும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை ஆண்டில் அதுவரை சொன்னதில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு படுக்கப் போகும் முன் அந்த மின்கம்பியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நாங்கள் ஊர் திரும்பும் வரையில் ஒவ்வோர் இரவும் நானே அதைச் செருகினேன்.

நம் ஊருக்கு என்ன?

'நம் நாட்டில் பனி எங்கே பெய்கிறது, இதையெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மின்சாரக் கார் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. பக்கத்துக் கூலிமில் 2023ஆம் ஆண்டில் மின்கலத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பால்மரம் பார்த்த கெடா மண் மின்கலத்தையும் பார்க்கிறது. பட்டணத்தில் வேலை செய்யும் என் மகனே இப்போது ஒன்று வாங்க வேண்டும் என்கிறான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் எதிரி குளிரன்று, வெயில். நான் மேலே சொன்ன அதே அமெரிக்கச் சோதனையில், 35 பாகை வெப்பத்தில் ஏர்கோன் போடாமல் ஓட்டியபோது 4 விழுக்காடும், போட்டு ஓட்டியபோது 17 விழுக்காடும் தூரம் குறைந்தது. பனிநாட்டு இழப்பைப் பார்க்க இது சிறியது. ஆனால் வெயில் வேறு விதத்தில் கணக்குத் தீர்க்கும். குளிரில் போன பலம் சூடானதும் திரும்பி வரும். நீண்ட நாள் வெப்பத்தில் தேய்ந்த மின்கலத்தின் பலம் திரும்பி வராது. ஆகவே முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். முழுவதும் மின்னேற்றி வெயிலில் நாள்கணக்காகப் போட்டுவைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் துணிச்சல் காட்டாதீர்கள். 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்தில் வந்த வெள்ளத்தை நாம் மறந்துவிடவில்லை. நீரில் மூழ்கிய மின்சாரக் காரை நீங்களாக முடுக்கவோ மின்னேற்றவோ கூடாது, கற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இரவில் செருகி வைக்க இடம் உண்டா? ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள்? அவசரமென்றால் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கும்? சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்தோ அலோர் ஸ்டாரோ போய் வருகிறவருக்கு இந்தக் கார் ஒரு கவலையும் தராது. வீட்டில் செருக இடமில்லாமல் அடுக்குமாடியில் இருப்பவர், மாதம் நான்கு முறை கோலாலம்பூர் போய் வருகிறவர், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். விற்பவர் சொல்லும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கழித்த பிறகும் போதுமென்றால் வாங்குங்கள்.

என் மகனுக்கு வாசலில் இடம் இருக்கிறது, வேலையிடமும் அருகில்தான். ஆகையால் 'வாங்கு' என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கார் வந்த முதல் நாள் இரவு அதைச் செருகுகிற வேலை என்னுடையது.

பேரன் இப்போது ஓடித் திரிகிறான். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது அவனுடைய தகப்பனார் சில நாள் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். அந்தப் பிஞ்சுக் கை மின்கம்பியைப் பிடிக்க, அவர் அதன்மேல் தன் கையை வைத்துச் செருகுவார். அப்பா இருந்திருந்தால் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். பேட்டரிப் பலகையைத் துடைத்து வைத்த அம்மாவை மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்திருப்பார்.

உங்கள் வீட்டில் எந்த வண்டி இருந்தாலும் சரி, இன்றிரவு படுக்கப் போகும் முன் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.